தீவைச் சுற்றி ஒரு வலம்

காஞ்சிபுரத்தைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் விரைகின்ற பேருந்துப் பயணிகள் எங்கள் தாமலைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கவனிக்கிறவர்களும் ஏரியைத்தான் பார்க்கிறார்கள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த பழைய ஊர் இது. வராகீசுவரருக்கு ஒரு கோவிலும் தாமோதரப் பெருமாளுக்கு ஒரு கோவிலும் உண்டு. தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் உண்டு. மழை தவறாத ஆண்டுகளில், மார்கழிக் காலைப் பனியில், ஏரி மறுகரை தெரியாமல் பரந்து கிடக்கும். எல்லாம் உண்டு, கடல் மட்டும் இல்லை. நான் பிறந்ததும் வளர்ந்ததும், பள்ளி ஆசிரியனாய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றதும் இந்த ஏரிக்கரையில்தான். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயது 19. பார்த்தவுடன் மனத்தில் எழுந்த கேள்வி இன்றும் நினைவிருக்கிறது: இவ்வளவு தண்ணீருக்கும் மதகு எங்கே வைத்திருக்கிறார்கள்?

இப்போதெல்லாம் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளில் தீவுப் பயணக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. வெண்ணிறப் பாய்மர உல்லாசப் படகு, பளிங்கு போன்ற நீர், தென்னை நிழல், உலகம் இன்னும் அறியாத தீவு என்றொரு தலைப்பு. படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சின் ஓரத்தில் ஒரு வலியும் வருகிறது. ஏனெனில், உலகம் பெரிதாய் மதிக்காத ஒரு தீவை நானும் ஒருமுறை படகில் வலம் வந்திருக்கிறேன். அங்கே தென்னை நிழல் இல்லை. குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீரும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரப் பயணத்தை என் வாழ்நாளின் பெரும் பயணம் என்றே எண்ணுகிறேன். அதற்குக் காரணமானவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் நெசவாளர் தெருவில் அவருக்குத் 'தீவுக்காரர்' என்று பெயர். இலங்கையில் 1990 ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டபோது இராமேசுவரம் கரையில் வந்து இறங்கிய பல்லாயிரவருள் அவரும் அவர் மனைவியும் இருந்தனர். சில மாதங்கள் மண்டபம் முகாமிலும், சில ஆண்டுகள் வேறொரு முகாமிலும் இருந்துவிட்டு, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, தெரிந்தவர் ஒருவரின் துணையால் எங்கள் ஊருக்குக் குடிவந்தார்கள். சொந்த ஊர் நெடுந்தீவு. தலைமுறை தலைமுறையாய் மீன்பிடித்த குடும்பம். கடலே இல்லாத ஊரில் கடல் தொழில் செய்தவர் என்ன செய்ய முடியும்? முதலில் தார் சுற்றினார். பிறகு அறுந்த இழைகளைப் பிணைக்கும் வேலைக்கு அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். வலை முடைந்து பழகிய விரல்கள் அல்லவா? விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருக்கும்போது, அவர் குனிந்து இழைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். வலையைக் காயப்போட்டுக் கண்ணி பார்ப்பது போலவே இருக்கும் என்று அவர் மனைவி சொல்லுவார்.

எங்கள் வட்டாரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே. ஞாயிறு தோறும் திருப்பலிக்குக் காஞ்சிபுரத்துக்குப் பேருந்தில் ஒன்றாகச் செல்வதில் தொடங்கியது எங்கள் பழக்கம். என்னைவிட ஏழு வயது மூத்தவர்; நான் அவரை 'அண்ணா' என்பேன். அவர் என்னை 'மாஸ்டர்' என்பார். மாலை வேளைகளில் இருவரும் ஏரிக்கரையில் போய் அமர்வோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் நெடுந்தீவில்தான் போய் முடியும். யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் பெரியது அது. பவளக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிச் சுவர்கள், பனைகள், ஒல்லாந்தர் காலத்து எச்சங்கள், கட்டுப்பாடின்றித் திரியும் குதிரைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு அவருடைய அக்கா அதிகாலையிலேயே குடத்தோடு நடந்து போவதைச் சொல்லுவார். 'குமுதினி' என்ற படகின் பெயரைச் சொல்ல நேரும்போது மட்டும் பேச்சு தடைபடும். நெடுந்தீவு மக்களைக் கரைசேர்க்கும் அந்தப் படகில் 1985 மே 15 அன்று பயணம் செய்த பொதுமக்கள் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் கொல்லப்பட்டனர். அவர் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவர் சொன்னார்: "தீவிலை பிறந்தவனுக்கும் தீவு விளங்காது, மாஸ்டர். ஒருக்கால் கடலாலை சுத்தி வந்தாத்தான் விளங்கும்." பேச்சுக்குச் சொல்கிறார் என்றே அன்று நான் எடுத்துக்கொண்டேன்.

2011ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் பாம்பன் சென்றோம். தாம் வந்திறங்கிய கரையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் நின்று கீழே இரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1914இல் போக்குவரத்து தொடங்கிய அந்தப் பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறப்பார்கள். நாங்கள் நின்றபோது பாலம் மெல்லத் திறந்தது. நீரோட்டத்தின் நடுவே, உயர்ந்த பாய்மரத்தோடு ஒரு வெள்ளைப் படகு, அன்னம் போல் கடந்து வந்தது. மேல்தட்டில் வெளிநாட்டார் இருவர், கணவனும் மனைவியும் போலும், எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். பாலத்தின் மேலிருந்த கூட்டம் ஆரவாரித்தது.

"இவர்கள் எங்கே போகிறார்கள் அண்ணா?" என்றேன்.

"தீவு தீவாப் பாத்துக்கொண்டு போவினம். அவை தீவு பாக்க வருகினம். நாங்கள் தீவை விட்டிட்டு வந்தம். கடலுக்கு ரெண்டும் ஒண்டுதான், மாஸ்டர்." அவர் குரலில் பொறாமையோ கசப்போ இல்லை. படகைக் கட்டியிருந்த அழகைத் தொழில் தெரிந்தவரின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெருமிதத்தோடு அன்னபூரணியின் கதையைச் சொன்னார்.

அந்தக் கதையை வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை தம் சிறிய பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்து புகழ் பெற்றவர். அவர் பின்னாளில் அன்னபூரணியின் கட்டுமானத்தில் மயங்கி அதை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று புதுப்பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அமெரிக்கா வரை செலுத்திச் சென்றனர். 1938இல் அது அங்குள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சரக்கு ஏற்றிப் பிழைக்கக் கட்டிய கப்பலே செல்வர் ஒருவரின் உல்லாசக் கலமாகவும் ஆனது. மரமும் பாயும் அவைதாம். ஏறியவர்களின் தேவைதான் வேறு. அன்று பாம்பன் பாலத்தில் நான் இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் வடகிழக்கே விரிந்த கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் என்னிடம் அந்த உதவியைக் கேட்டது 2013இல்.

கச்சத்தீவைப் பற்றி நம் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கிறது. பரப்பு 285 ஏக்கர். மனிதர் குடியிருப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரத்துச் சீமையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் அங்கே புனித அந்தோணியாருக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார் என்பது வழிவழியாய் வரும் செய்தி. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டால் தீவு எல்லைக்கு அப்பால் போயிற்று. ஆனால் திருப்பயணிகள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றிச் சென்று வரலாம் என்ற ஏற்பாடு அந்த உடன்பாட்டிலேயே இருக்கிறது. போர்க்காலத்தில் பல்லாண்டுகள் தடைப்பட்டிருந்த திருவிழா, 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் உயிர்பெற்றது. ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச்சில், பெரும்பாலும் தவக்காலத்தில், இரு கரைகளிலிருந்தும் படகுகள் வந்து சேர்கின்றன.

"அக்கா ஒவ்வொரு வருசமும் திருநாளுக்கு வாறவ. நீங்கள் ஒருக்கால் போய் அவவைப் பாத்திட்டு வருவியளோ?" இவ்வளவுதான் கேட்டார். அவர் போக முடியாது. பதிவு செய்ய இந்தியக் குடிமகன் என்பதற்கான அடையாள அட்டை வேண்டும். அவரிடம் இருந்தது அகதிக்கான பதிவுத்தாள். அக்காவுக்கோ கடவுச்சீட்டு எடுத்துச் சென்னை வர வசதியும் இல்லை, துணையும் இல்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். பின்னாளில் கைப்பேசியில் முகம் பார்த்தும் பேசினார்கள். ஆனாலும் தம் கையால் தொட்டுக் கொடுத்த ஒன்றை அக்கா கையில் சேர்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குத் தீரவில்லை. நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டேன், போகவில்லை. அந்த ஆண்டு தேர்வுப் பணி. அடுத்த ஆண்டு மகள் திருமணம். ஓய்வு பெற்ற ஆண்டில் கண்ணில் அறுவை. பிறகு கொரோனா. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், ஏரிக்கரையில் வளர்ந்த எனக்குக் கடற்பயணம் அச்சமாயிருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக் காரணங்களைத் தேடினேன். அவர் ஒருமுறையும் குறை சொல்லவில்லை. "அடுத்த வருசம் பாப்பம், மாஸ்டர்" என்பார். ஒருவருக்கு உதவி மறுப்பதுதான் பாவம், நாளைக்குச் செய்கிறேன் என்பது பாவமாகாது என்று நான் எண்ணியிருந்தேன். பதினோர் ஆண்டுகள் 'நாளைக்கு' என்று சொன்னவன் மறுத்தவனிலிருந்து எவ்வகையில் வேறுபட்டவன்?

கடைசியில் 2024இல் துணிந்து பெயர் பதிந்தேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழக மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததால் மனம் கொதித்த இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். ஒரு படகும் செல்லவில்லை. கணவரும் மகனும் சிறையில் இருக்க, வீட்டார் எப்படித் திருவிழாவுக்குப் போவார்கள்? அவர்களுடைய துயரம் நியாயமானது. ஆனால் அந்தச் செய்தியைத் தீவுக்காரரிடம் சொல்லப் போனபோது என் கால்கள் தயங்கின. படகு சென்ற ஆண்டுகளில் போகாதவன், படகில்லாத ஆண்டில் புறப்பட்டேன்! அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா அங்கை வந்திருப்பா" என்று மட்டும் சொன்னார். அவ்வாண்டு நவம்பரில், இறந்தோர் அனைவரையும் நினைக்கும் மாதத்தில், அவர் காலமானார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் மனைவி என்னை அழைத்துத் துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொடுத்தார். தேய்ந்து வழவழத்த ஒரு வலை ஊசி. 1990இல் படகேறும்போது மடியில் செருகி வந்தாராம். "இதை மாமியிட்டைச் சேர்ப்பிச்சா அவருக்குக் காணும்" என்றார்.

2025 மார்ச் 14ஆம் நாள் காலையில் இராமேசுவரம் துறைமுகத்தில் நான் வரிசையில் நின்றேன். சோதனையிட்ட அதிகாரி வலை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கடலோர ஊர்க்காரர் அல்லர் போலும். "இது என்ன பெரியவரே, ஆயுதமா?" என்றார். பின்னால் நின்ற மீனவர் ஒருவர் சிரித்துவிட்டு, "வலை முடையற ஊசி சார். எங்க வீட்ல பத்து கிடக்கு" என்றார். அதிகாரியும் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

விசைப்படகில் பெண்களும் குழந்தைகளுமாய் நெருங்கி அமர்ந்தோம். உயிர்காப்பு உடை அணிவித்தார்கள். தீவுக்காரரோடு நின்று பார்த்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே இரயில் நின்றுவிட்டது. அதன் பக்கத்தில் எழும்பியிருந்த புதிய பாலம் அடுத்த மாதம் 6ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. அதை முந்திய நாள் கடந்து வந்தபோது அவர் நினைவுதான் எனக்கு. படகு ஆழ்கடல் நோக்கித் திரும்பியபோது என் கை செபமாலையை இறுகப் பற்றியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சென்றபின், படகை ஓட்டியவர் நீரைச் சுட்டிக் காட்டி, "இதுதான் சார் பார்டர்" என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பின்னால் இருந்த நீருக்கும் முன்னால் இருந்த நீருக்கும் நிறத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. எத்தனை குடும்பங்களின் கண்ணீர் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டின் மேல் சிந்தியிருக்கிறது என்று எண்ணியபோது, யாரோ ஒரு தாய் அந்தோணியார் மன்றாட்டைத் தொடங்கினார். படகு முழுவதும் சேர்ந்துகொண்டது.

தீவு தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, கடலின் விளிம்பில் ஒரு கோடு சற்றே தடித்தது என்பதே சரி. அவ்வளவு தாழ்ந்த நிலம். இறங்குதுறையில் முன்னே சென்ற படகுகள் பயணிகளை இறக்கிக்கொண்டிருந்தன. எங்கள் முறை வரக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நின்ற இடத்திலேயே படகு புரண்டு புரண்டு ஆடியது. குழந்தைகள் வாந்தியெடுத்தனர். "நின்னா இன்னும் மோசம். ஓடிக்கிட்டிருந்தா ஆடாது" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் மெல்லப் படகை நகர்த்தினார். தொலைவில் காவல் படகு ஒன்று எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தது, தடுக்கவில்லை. இவ்வாறு, எவரும் திட்டமிடாமல், கச்சத்தீவை நாங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம்.

உல்லாசப் படகில் வருபவர் அந்தத் தீவைப் பார்த்தால் என்ன எழுதுவார்? நங்கூரமிட நல்ல துறை இல்லை, ஆழம் போதாது, குடிநீர் இல்லை, நிழல் இல்லை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் எழுதுவது ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கும். வெண்மணல் கரை, அலை அரித்த பவளக் கல், முட்புதர், மறுபடியும் மணல். பறவைகள் சில எழுந்து மீண்டும் அமர்ந்தன. 2016 டிசம்பரில் நேர்ந்தளிக்கப்பட்ட புதிய ஆலயம் ஒரு பக்கமிருந்து தெரிந்தது. மறுபக்கம் சென்றபோது புதர்களுக்குப் பின்னே மறைந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் தெரிந்தது. இந்தத் தீவு முழுவதையும் தூக்கி எங்கள் தாமல் ஏரிக்குள் வைத்துவிடலாமே என்று தோன்றியது. இத்துணைச் சிறிய நிலத்துக்காகவா இத்தனை பேச்சு, இத்தனை வழக்கு?

வடகிழக்குப் பக்கமாய்ப் படகு திரும்பியபோது எதிரே வெறும் கடல். அந்தத் திசையில்தான் நெடுந்தீவு. கண்ணுக்கு எட்டவில்லை. ஆனால் அந்தத் திசையிலிருந்தும் படகுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றிலும் எங்களைப் போலவே நெருங்கி அமர்ந்த பெண்கள், குழந்தைகள், மூட்டைகள். ஒரு படகிலிருந்து யாரோ துண்டை வீசி அசைத்தார்கள். எங்கள் படகு முழுவதும் எழுந்து கையசைத்தது. அப்போதுதான் தீவுக்காரர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. கரையில் நிற்பவனுக்கு அவன் நிற்கும் பக்கம் மட்டுமே தெரியும். அந்தப் பக்கத்தையே தீவு என்று எண்ணிக்கொள்கிறான். சுற்றி வருபவனுக்குத்தான் மறுபக்கத்திலும் வாசல் இருப்பதும், அந்த வாசலுக்கும் ஆட்கள் வருவதும் தெரிகின்றன. இராமேசுவரத்திலிருந்து பார்த்தால் அது நாம் இழந்த தீவு. நெடுந்தீவிலிருந்து பார்த்தால் அது அவர்களுடைய பங்கைச் சேர்ந்த தீவு. கடலிலிருந்து பார்த்தேன். அந்தோணியார் நடுவில் நின்று இரு கரங்களையும் இரு பக்கமும் நீட்டுவதாகத் தோன்றியது.

பழைய ஆலயத்தின் அருகில் நின்றால் கண்டுகொள்ளலாம் என்று அக்காவின் பேரன் கைப்பேசியில் சொல்லியிருந்தான். மணலில் விரித்த பாயில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். தீவுக்காரருடைய அதே நெற்றி. அதே காது.

"தம்பிதானே தாமல் மாஸ்டர்?"

"ஆமாம் அக்கா." அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. துணி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் அழவில்லை. ஊசியின் முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது அப்புவின்ரை ஊசி," என்றார். பிறகு, "போன வருசமும் வந்தனான். இந்தியப் பக்கமிருந்து ஒரு படகும் வரேல்லை. பூசை முடியுமட்டும் கரையிலை இருந்து பாத்தனான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். 2024க்காக மட்டும் கேட்ட மன்னிப்பு அல்ல அது. அதற்கு முந்தைய எல்லா ஆண்டுகளுக்குமாகக் கேட்டேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, என் கையைப் பற்றித் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்:

"அவன் இருந்த ஊரிலை நல்ல தண்ணி இருக்கோ?"

"பெரிய ஏரி இருக்கிறது அக்கா. தினமும் சாயங்காலம் அதன் கரையில்தான் உட்கார்ந்திருப்பார்."

"அப்ப சரி," என்றார்.

மாலையில் கொடியேற்றம், பிறகு சிலுவைப்பாதை. இரவில் தேர்ப்பவனி. தமிழிலும் சிங்களத்திலும் செபங்கள் ஒலித்தன. குடிநீர் வழங்கிய கடற்படை இளைஞன் ஒருவன் அக்காவின் குவளையில் நீர் ஊற்றி, இரு கைகளாலும் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டார். குமுதினியின் நினைவைச் சுமக்கும் ஊரைச் சேர்ந்தவர் அவர். அந்த இளைஞன் 1985இல் பிறந்திருக்கவே மாட்டான். வாங்கிய கையும் கொடுத்த கையும் என் கண்ணைவிட்டு இன்னும் அகலவில்லை. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சிறையிலிருக்கும் மீனவர்களும், கடலடியை வாரிச் செல்லும் இழுவைப் படகுகளால் வலையும் மீனும் இழந்த வடக்கு இலங்கை மீனவர்களும், அட்டையோடு வாழும் அகதிகளும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நீர் கேட்டவருக்கு நீர் கிடைத்தது. அந்த இரவில் அது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

திறந்த வானத்தின் கீழே மணலில் படுத்தபடி அந்தோணியாரை நினைத்துக்கொண்டேன். அவரும் துறைமுக நகரத்தில், லிஸ்பனில் பிறந்தவர். மறைபரப்ப மொராக்கோ சென்று, நோயுற்று, தாயகம் திரும்பக் கப்பலேறியவரைப் புயல் திசைமாற்றிச் சிசிலித் தீவில் ஒதுக்கியது. அதன்பின் இத்தாலியிலும் தென் பிரான்சிலும் உழைத்து, 1231இல் பதுவை நகருக்கு அருகே இறந்தார். தொலைந்தவற்றைக் கண்டெடுத்துத் தருபவர் என்று நாம் வேண்டிக்கொள்ளும் புனிதர், தம் சொந்தக் கரையைத் தொலைத்தவர். திருத்தூதர் பவுல் பயணம் செய்த கப்பலும் உடைந்துதான் போயிற்று. அதிலிருந்த 276 பேரும் மால்தா என்னும் தீவில் கரையேறினார்கள். அந்தத் தீவினர் முன்பின் அறியாத அவர்களுக்குக் குளிர் காய நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள். மால்தாவின் அழகைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் ஒன்றும் சொல்லவில்லை. நெருப்பு மூட்டியதை மட்டும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஒரு தீவை மதிப்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டுமா?

மறுநாள் காலைத் திருவிழாத் திருப்பலி முடிந்து படகேறுமுன், அக்கா பனையோலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான்கள் நான்கை என் பையில் வைத்தார். "மச்சாளிட்டைக் குடுங்கோ. ஒண்டு உங்களுக்கு" என்றார். படகு விலகும்போது திரும்பிப் பார்த்தேன். கரையில் நின்றவர்களுள் அவரைத் தனியே அடையாளம் காண முடியவில்லை. அங்கே நின்ற எல்லோருக்குமாகக் கையசைத்தேன்.

தாமலுக்கு வந்து மூன்று குட்டான்களையும் தீவுக்காரரின் மனைவியிடம் சேர்த்தேன். அவர் ஒன்றைப் பிரித்து, நுகர்ந்து பார்த்து, தெருவில் விளையாடிய நெசவாளர் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அன்று மாலை ஏரிக்கரையில் போய் அமர்ந்தேன். நற்செய்தியில் கடல் என்று சொல்லப்படும் கலிலேயக் கடலும் உண்மையில் ஒரு நன்னீர் ஏரிதான் என்பது நினைவுக்கு வந்தது. சீடர்கள் அஞ்சியதும் ஆண்டவர் அவர்களோடு படகில் இருந்ததும் ஏரி நீரின் மேல்தான். எவ்வளவு காலம் நான் அஞ்சி அஞ்சிக் கரையிலேயே இருந்துவிட்டேன்!

எழுந்து, கரையின் மேலேயே நடக்கத் தொடங்கினேன். மதகுகளைத் தாண்டி, கலங்கலைத் தாண்டி, இதுவரை நான் போயிராத மறுகோடி வரை நடந்தேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது, நாற்பது ஆண்டுகளாய் நான் அமர்ந்திருந்த இடம் ஒரு புள்ளியாய்த் தெரிந்தது. அந்தப் புள்ளியில் ஒருவர் அமர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக, ஒரு கணம், எனக்குத் தோன்றியது.